கோகிலாவுக்கு ஒரு குழு இருந்திருந்தா...

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், வட்டக்கானல்னு மலை முழுக்க இருந்து பூண்டு வேலையை விட்டுட்டு வந்திருக்கும் அக்கா, தங்கச்சிகளே!

போதைப்பொருள் பத்திப் பேசச் சொன்னாங்க. ஒரு சினிமாவில் இருந்து ஆரம்பிக்கிறேன். 2018-இல் நெல்சன் இயக்கி நயன்தாரா நடித்த ‘கோலமாவு கோகிலா’. டிவியில் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சோம். அந்தச் சிரிப்பை எடுத்துட்டுப் பாருங்க. அம்மாவுக்குப் புற்றுநோய். வைத்தியத்துக்குப் பணம் இல்லை. அதனால அந்தப் பொண்ணு போதைப்பொருள் கடத்துறா. படத்தில் இதுதான் நிஜம். கடத்துறவன் கெட்டவளைத் தேடி வர்றதில்லை, ஆஸ்பத்திரி பில்லோட நிக்கிறவளைத் தேடித்தான் வர்றான்.

எங்க குழுவிலேயே நடந்தது சொல்றேன். ஒரு தங்கச்சி, வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு இருபதாயிரம் கடன் கேட்டா. பழைய கடனில் ரெண்டு தவணை பாக்கின்னு நாங்க கொடுக்கலை. அந்த வாரமே ஒருத்தன், ஒரு பையை பஸ்ஸில் வத்தலக்குண்டு வரைக்கும் கொண்டு போனா மூவாயிரம்னு சொல்லியிருக்கான். ராத்திரி எங்க வீட்டு வாசலில் வந்து நின்னா.

“பையில என்னன்னு கேட்டேன்க்கா. கேக்காம கொண்டு போறதுக்குத்தான் காசுன்னான்.”

அவ கொண்டு போகலை. தோட்டை அடகு வெச்சா. அடகு வைக்கத் தோடு இல்லாதவளா இருந்திருந்தா?

படத்தில் கோகிலா தப்பிச்சிடுவா. நிஜத்தில் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் இருக்கு. 20 கிலோவுக்கு மேல் கஞ்சான்னா குறைந்தது 10 வருஷம் சிறை, ஒரு லட்சம் அபராதம். ஜாமீன் கிடைப்பதே கஷ்டம். “பையில் என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது”ன்னா, அதை நாமதான் நிரூபிக்கணும். தெரிஞ்சே ரூம் கொடுத்தாலும் குற்றம்தான். காட்டேஜ் பார்த்துக்கிறவங்க இதைக் கவனிக்கணும். நம்ம மலையில் சிலர் தேடி வர்ற போதைக் காளான் இருக்கே, அதில் உள்ள சைலோசைபினும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கு. பிள்ளைகளைக் காசு கொடுத்துப் பறிச்சுட்டு வரச் சொன்னா விடாதீங்க.

வீட்டுப் பிள்ளையே பழகிட்டான்னா மறைக்காதீங்க. 14446-க்குப் போன் பண்ணுங்க, காசு கிடையாது. அந்த அம்மாவைக் கூட்டத்தில் யாரும் குத்திக் காட்டவும் கூடாது.

கடைசியா ஒரு கோரிக்கை. ஒவ்வொரு குழுவும் சேமிப்பில் ஒரு பங்கை மருத்துவ அவசரக் கடனுக்குன்னு தனியா வைக்கணும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் ஒரே நாளில் முடிவு சொல்லணும். தவணை பாக்கியை அப்புறம் பேசிக்கலாம். நாம இல்லைன்னு சொன்ன அன்னைக்கு, சரின்னு சொல்ல ஒருத்தன் பஸ் ஸ்டாண்டில் நிக்கிறான். அவனுக்கு முன்னாடி நாம போய் நிக்கணும்.