செக்ரோபியாவும் ஒரு ஹாட்ஃபிக்ஸும்

இன்னைக்கு செக்ரோபியா. வட அமெரிக்காவிலேயே பெரிய அந்துப்பூச்சி. றெக்கையை விரிச்சா அரை அடி இருக்கும். ஆனா அதால சாப்பிட முடியாது, வாய் வேலை செய்யாது. புழுவா இருந்தப்போ மேப்பிள், செர்ரி இலையைத் தின்னு சேர்த்த கொழுப்புதான் மொத்த பேட்டரி. நாலு தடவை தோலை உரிச்சு, பட்டுக்கூட்டுக்குள்ள பனிக்காலம் முழுக்கக் கிடந்து வெளிய வந்தா, மிச்சம் ரெண்டே வாரம். அதுக்குள்ள ஜோடி தேடி முட்டையிடணும்.

இதுக்கு ஆபத்து வந்தது வேற ஒரு பூச்சியால. 1860-களின் கடைசியில், ட்ரூவெலோ என்பவர் ஐரோப்பாவிலிருந்து மாசசூசெட்ஸுக்குக் கொண்டுவந்த ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி தப்பிச்சுப் போய்க் காட்டையே மொட்டையடிச்சது. அதை அடக்க 1906-ல் இன்னொரு ஐரோப்பிய இறக்குமதி: கொம்ப்சிலூரா என்ற ஈ. புழுவோட உடம்புக்குள்ள தன் குஞ்சை ஏத்திடும். அது உள்ளிருந்தே தின்னும். நம்ம பாஷையில, ப்ரொடக்‌ஷன்ல நேரா போட்ட ஹாட்ஃபிக்ஸ்!

சிக்கல் என்னன்னா, ஸ்பாஞ்சிக்கு வருஷத்துக்கு ஒரே தலைமுறை. ஈக்கு மூணு, நாலு. மீதி தலைமுறைக்கு வேற புழு வேணுமே? 150-க்கும் மேற்பட்ட இனங்கள் மாட்டின.

2000-ல் வெளியான ஆய்வுக்காக, மாசசூசெட்ஸ் காட்டில் 500 செக்ரோபியா புழுக்களை விட்டாங்க. ஒண்ணுகூட கூடு கட்டும் நிலையைத் தாண்டலை. ஈதான் முக்கியக் கொலையாளி.

இத்தனைக்கும் ஸ்பாஞ்சியை அது ஒழிக்கவே இல்லை. அதைப் பெருமளவு அடக்கினது, 1989-ல் தலைகாட்டின ஒரு பூஞ்சை.