ஒரு மருந்து, இரண்டு பெயர்



திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி அமைந்தது விழிஞ்ஞம். ஆய் மன்னர் காலத்துத் துறைமுகம் என்று சரித்திரம் அதனைப் போற்றும். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் திறந்து வைக்கப்பெற்ற பெருந்துறைமுகத்தால் இப்போது அதன் பெயர் கடல் கடந்தும் வழங்குகிறது. நாம் சொல்லப்போவது அப்பெரிய கப்பல்களைப் பற்றியன்று. பக்கத்திலுள்ள மீன்பிடித் துறையில் ஒரு முதியவர் நம்மிடம் நீட்டிய இரண்டு மாத்திரை அட்டைகளைப் பற்றியே.

கன்னியாகுமரிக் கரையிலிருந்து வந்து அங்கே தொழில் செய்பவர் அவர். மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளரிடம் எழுத்துள்ள எதையும் நீட்டலாம் என்பது நம்மவரின் நம்பிக்கை. "தம்பி, ரெண்டும் பிரஷர் மாத்திரைதான். ஒண்ணு நாகர்கோவிலில் கொடுத்தது, ஒண்ணு இங்கே கொடுத்தது. காலு வீங்குதே, அதுக்கு எந்த மாத்திரை வாங்கணும்?" என்றார்.

அட்டைகளைத் திருப்பிப் பார்த்தோம். வணிகப் பெயர்கள் இரண்டும் வேறு வேறு. உள்ளிருந்த மருந்தோ, ஒன்றில் அம்லோடிபின் 5 மில்லிகிராம். மற்றதில் அதே அம்லோடிபின் 5 மில்லிகிராமும், உடன் வேறொரு மருந்தும். ஒரு மாத காலமாக அவர் தம்மை அறியாமலே இரட்டிப்பு அளவு உண்டு வந்திருக்கிறார். வள்ளத்திலிருந்து இறங்கும்போது தலை சுற்றுகிறது என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

அம்லோடிபின், நிபெடிபின், வெராபமில், டில்டியாசெம் முதலியவை ஒரே குடும்பத்து மருந்துகள். இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள தசை சுருங்குவதற்குக் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து தசையணுவுக்குள் நுழைய வேண்டும். அது நுழையும் வாயிலை இம்மருந்துகள் ஓரளவு அடைக்கின்றன, குழாய் தளர்கிறது, அழுத்தம் தணிகிறது. 1960களில் ஜெர்மனியின் பிரைபுர்க் நகரில் ஆல்பிரெக்ட் பிளெக்கென்ஸ்டைன் என்னும் அறிஞர் இச்செயலை விளக்கினார். மார்பு நெரிவுக்கும் இவை பயன்படும். வெராபமிலும் டில்டியாசெமும் இதயத் துடிப்பையும் மெதுவாக்கும். ஆகவே துடிப்பைக் குறைக்கும் வேறு மருந்து உண்பவருக்கு இவற்றைச் சேர்த்துக் கொடுப்பதில் டாக்டர்கள் மிகுந்த எச்சரிக்கை காட்டுவர்.

பெயரால் விளையும் மயக்கம் இன்னொன்றும் உண்டு. 'கால்சிய வழியடைப்பான்' என்று மொழிபெயர்த்தால், பாலும் கேழ்வரகும் ஆகாவோ என்று கேட்பார்கள். அப்படி அன்று. அடைபடுவது தசையணுவின் வாயில். உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை விலக்க வேண்டியதில்லை. எவ்வளவு யோசித்தும் இதைவிட நல்ல பெயர் நமக்கு அகப்படவில்லை.

முதியவரின் கால் வீக்கத்துக்கு வருவோம். இம்மருந்து, இரத்தத்தைக் கொண்டு வரும் சிறு குழாய்களை விரிக்கிற அளவுக்குத் திருப்பிக் கொண்டு செல்லும் குழாய்களை விரிப்பதில்லை. ஆகவே நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. அளவு ஏற ஏற வீக்கமும் மிகும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை இவ்வகை வீக்கத்துக்கு அவ்வளவாக உதவாது. முதியவர் கடையில் வாங்க நினைத்தது அதையேதான்! ஆயினும் கால் வீக்கமெல்லாம் இம்மருந்தால் வருவது என்று துணிதலும் தவறு. இதயம், சிறுநீரகம் இவற்றின் கோளாறாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டரே.

அம்லோடிபின் உடலில் நெடுநேரம் தங்குவது. பாதியளவு நீங்குவதற்கே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாக விழுங்க வேண்டாம் என்பது இதனால்தான். அளவு மீறி உண்டுவிட்டால் உடனே ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்து அழுத்தம் அபாயமாக வீழவும் கூடும். குழந்தைகள் எடுத்து விழுங்கினால் அறிகுறிக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

முன்பு அழுத்தம் ஏறியவுடன் நிபெடிபின் குளிகையைக் கடித்து நாவின் கீழ் அடக்கும் வழக்கம் இருந்தது. அழுத்தம் திடீரென வீழ்ந்து மாரடைப்பும் பக்கவாதமும் நேர்ந்தமையால், 1990களில் வைத்திய உலகம் அதைக் கண்டித்தது. நம் வீட்டுப் பெரியவர்களில் சிலர் இன்னமும் அக்குளிகையை நினைவில் வைத்திருக்கக்கூடும்.

இவ்வளவும் சொன்னது மருந்தை வெறுப்பதற்கன்று. 2017இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் முதலில் சேர்ந்த ஐந்து மாநிலங்களுள் கேரளம் ஒன்று. அம்முயற்சியில் முதற்படியாகக் கொடுக்கப்படும் மருந்து அம்லோடிபினே. விலை மலிவு, நாளொன்றுக்கு ஒரு வேளை. வீக்கத்துக்கு அஞ்சித் தாமாகவே நிறுத்திவிட்டால் அழுத்தம் ஓசையின்றி மீண்டும் ஏறும்.

முதியவரை இரண்டு அட்டைகளோடும் டாக்டரிடம் அனுப்பினோம். ஒன்றை நிறுத்தினார்கள், சில வாரங்களில் வீக்கம் வற்றியது. ஊர் விட்டு ஊர் வாழும் நமக்கு, ஊரிலிருந்து தபாலில் வரும் மாத்திரை ஒன்று, இங்கே எழுதித் தரும் மாத்திரை ஒன்று என்பது எளிதில் நேர்வதே. வணிகப் பெயரைவிட மருந்தின் பெயரைப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018இல் விதி செய்தார்கள். எழுத்து பெரிதானாலும் அது ஆங்கில எழுத்து. ஆகவே அம்லோடிபின் என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, அதன் கீழே ஆங்கில எழுத்துக்களையும் வடிவம் பார்த்து ஒப்பிடும்படி பெரிதாக வரைந்து கொடுத்தோம். புது அட்டை வாங்கும்போதெல்லாம் முதியவர் அந்தச் சீட்டை விரித்துக் கடைக்காரரின் எதிரிலேயே ஒப்பிட்டுப் பார்க்கிறாராம்.