கணக்கு உதைத்தால் காரணத்தைத் தேடுங்கள்: தலை மந்தமும் சத்து மாத்திரைகளும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "சார், நான் டாக்டர் இல்லையே, பேங்க்கில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவன்" என்றேன். "தெரியும் சார். போன கூட்டம் முடிந்ததும் நீங்கள் பி12 விஷயத்தைச் சொன்னதிலிருந்து எத்தனையோ பேர் என்னிடம் அதையே கேட்கிறார்கள். ஒரு தடவை எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்" என்றார். அதனால்தான் நிற்கிறேன். நான் சொல்லப்போவது வைத்தியம் அல்ல. எனக்கு நடந்ததையும், அதன் பிறகு டாக்டரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. ஆரம்பத்திலிருந்தே மெட்ஃபார்மின் மாத்திரைதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கினேன். 340 ரூபாய்க்கு 500 ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். அந்த அம்மா மீதியைக் கையில் வைத்தார். அது சரியா, குறைவா என்று எனக்குக் கணக்கு வரவில்லை. பெரிய பெரிய பத்திகளைப் பேனா முனையை ஓட்டியே கூட்டிய ஆள் நான். அங்கேயே நோட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னா பெரியவரே, சரியாத்தான் இருக்கு, போ" என்றார் அவர். வீட்டுக்கு வரும்வரை அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு கவனித்தேன். பேசும்போது வார்த்தை தொண்டைக்கு வந்து நிற்கும். பேப்பரில் ஒரே பாராவை மூன்று முறை படிப்பேன். சிலிண்டர் பதிவு செய்தேனா இல்லையா என்று தெரியாது. மதியத்துக்கு மேல் தலைக்குள் பஞ்சை அடைத்தது போல இருக்கும். இதைத்தான் இப்போது 'பிரெயின் ஃபாக்' என்கிறார்கள். நாம் 'தலை மந்தமா இருக்கு' என்போம். சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, மூட்டுவாதம், கோவிட்டுக்குப் பிந்தைய அசதி என்று நீண்ட நாள் நோய் உள்ள பலர் சொல்கிற குறைதான் இது. இது ஒரு நோயின் பெயர் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். காய்ச்சல் எப்படியோ அப்படி. உள்ளே ஏதோ சரியில்லை என்று உடம்பு சொல்கிற செய்தி.

நான் என்ன செய்தேன்? டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் 'மறதி நோய்' என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். மருந்துக் கடையில் போய், "ஞாபக சக்திக்கு ஏதாவது குடுங்க தம்பி" என்று கேட்டேன். ஒரு சத்து மாத்திரை கொடுத்தார். மாப்பிள்ளை ஆன்லைனில் ஒரு டப்பா வரவழைத்தார். எதிர் பிளாக் நண்பர் ஒரு மூலிகைக் குளிகையைச் சிபாரிசு செய்தார். மூன்றையும் எட்டு மாதம் விழுங்கினேன். மந்தம் போகவில்லை. ஒரு நாள் மாடிப்படியில் ஏறும்போது பேரன், "தாத்தா, உங்க செருப்பு கீழயே இருக்கு" என்றான். காலிலிருந்து செருப்பு கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. அன்றுதான் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மூன்று டப்பாக்களையும் கொண்டுவரச் சொன்னார். ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார். 148 வந்தது. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் அளவு கொஞ்சம் மாறும். பொதுவாக 200-க்குக் கீழே போனால் குறைபாடு, 200-லிருந்து 300 வரை சந்தேகத்துக்குரியது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் நம் பகுதிக்கு ஒரு தனித் தொடர்பு உண்டு. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948-ல் நம் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1954-ல் இதே ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையை நிறுவினார், அது பிறகு நீரிழிவுக்கென்றே ஆனது. நாடு முழுதும் நீரிழிவைப் பற்றி அதிகம் பேசாத காலம் அது. இன்று 10 கோடிக்கு மேற்பட்ட இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் மாத்திரை வாசலுக்கு வருகிறது என்பதற்காக நாம் டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து, மலிவான மருந்து. அதை யாரும் பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் பல வருடம், அதிக அளவில் சாப்பிடும்போது, குடலில் பி12 உறிஞ்சப்படுவதை அது குறைக்கிறது. இது அரிதாக நடப்பதும் அல்ல. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் இதைப் பரவலான பக்கவிளைவு என்றே சொல்லி, அறிகுறி இருந்தால் பி12 பார்க்கும்படி டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. போதாக்குறைக்கு நம்மில் பாதிப் பேர் காலையில் எழுந்ததும் 'கேஸ் மாத்திரை' போடுகிறோம். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகைகளைத்தான் சொல்கிறேன். உணவிலிருந்து பி12 பிரிந்து வர வயிற்று அமிலம் வேண்டும். வருடக்கணக்கில் அமிலத்தை அடக்கினால் அந்த வழியும் அடைபடும்.

பி12 மீன், முட்டை, இறைச்சி, பால், தயிர் ஆகியவற்றில்தான் இருக்கிறது. கீரையில், பருப்பில் கிடையாது. "நான்தான் வாரம் மூன்று நாள் மீன் சாப்பிடுகிறேனே" என்று நான் டாக்டரிடம் வாதாடினேன். "சாப்பிடுவது வேறு, உடம்பில் சேருவது வேறு சார்" என்றார். வரவு வந்தது, ஆனால் கணக்கில் ஏறவில்லை. நமக்குப் புரிகிற பாஷைதானே! கல்லீரலில் பழைய இருப்பு சில வருடங்களுக்குத் தாங்கும். அதனால்தான் குறை மெதுவாக, நமக்கே தெரியாமல் வருகிறது.

இனி ஒரு முக்கியமான விஷயம். நான் எட்டு மாதம் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்றில் ஃபோலிக் அமிலம் நிறைய, பி12 சொற்பம். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யெல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1945-ல் வந்த அந்தக் கண்டுபிடிப்பால் எத்தனையோ பேரின் ரத்தசோகை தீர்ந்தது. ஆனால் டாக்டர்கள் சீக்கிரமே ஒன்றைக் கவனித்தார்கள். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடுகிறது, நரம்புச் சேதம் மட்டும் உள்ளுக்குள் தொடர்ந்து நடக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் நன்றாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. என் ஹீமோகுளோபினும் நன்றாகத்தான் இருந்தது. என் விஷயத்திலும் இப்படி நடந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

பேங்க்கில் மாலை கணக்கு உதைத்தால் என்ன செய்வோம்? 270 ரூபாய் வித்தியாசம் என்றால், ஏதோ ஒரு தலைப்பில் 270-ஐ எழுதித் 'டேலி' ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. போனவன் மாட்டிக்கொள்வான். இரவு எட்டானாலும் ஒவ்வொரு வவுச்சராகப் புரட்டித் தவறு எங்கே என்று பார்ப்போம். சர்வீஸ் முழுக்க இதைச் செய்த நான், என் உடம்பின் கணக்கு உதைத்தபோது மட்டும் கையில் கிடைத்ததைப் போட்டு மூடப் பார்த்தேன்.

சத்து மாத்திரை வீண் என்று நான் சொல்லவில்லை. எங்கே குறை என்று தெரிந்து கொடுத்தால் அது நன்றாக வேலை செய்யும். இதற்கும் நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், ஐசோனியசிட் மருந்து சாப்பிட்ட சிலருக்குக் கை கால் மரத்து எரிச்சல் வந்தது. அந்த மருந்து உடம்பில் வைட்டமின் பி6-இன் வேலையைக் கெடுப்பதுதான் காரணம். சிறிய அளவில் பி6 சேர்த்துக் கொடுத்தால் அதைத் தடுக்கலாம் என்பதை அங்கே ஆய்வு செய்து உறுதிப்படுத்தினார்கள். இன்றும் காசநோய் மருந்தோடு பி6 கொடுப்பது அதனால்தான். அதே பி6-ஐ டாக்டர் சொல்லாமல் பெரிய அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். குறையே இல்லாதவர்களுக்கு பி வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில், அவர்களுடைய ஞாபக சக்தி கூடியதாகத் தெரியவில்லை.

நம் குடியிருப்பில் அடிக்கடி பார்க்கும் வேறு சில தவறுகளையும் சொல்லிவிடுகிறேன்.

வைட்டமின் டி, 60,000 யூனிட் பாக்கெட். டாக்டர் சொல்லும் காலம்வரை பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான். அதைத் தினம் ஒன்று என்று சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அப்போது சிறுநீரகம் கெடும், வாந்தி வரும், மனக்குழப்பமும் வரும். தலை மந்தத்துக்கு என்று சாப்பிட்டதே தலை மந்தத்தைக் கொண்டுவந்துவிடும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் அதோடு சேர்த்து விழுங்காதீர்கள். தைராய்டு மருந்து உடம்பில் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

முடி கொட்டுவதற்கு என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லுங்கள். அதிக அளவு பயோட்டின் சில தைராய்டு பரிசோதனைகளின் முடிவை மாற்றிக் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் மாற்றிக் காட்டலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஞாபக சக்திக்கு என்று விற்கும் ஜிங்கோ குளிகையைத் தானாகத் தொடவே கூடாது. ரத்தக்கசிவு அபாயம் உண்டு.

ஆன்லைனில் வாங்கும் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிப்படி அதைப் போட்டாக வேண்டும். முன்பக்கத்தில் மூளைப் படம், பின்பக்கத்தில் இந்த வாசகம்!

அப்படியானால் தலை மந்தமாக இருந்தால் என்ன செய்வது? முதலில், எப்போது வருகிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாடு தாமதமாகும்போது வந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். இரவு குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால் அதையும் எழுதுங்கள். இரண்டாவது, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், சித்த மருந்து, ஆயுர்வேத மருந்து, தூக்க மாத்திரை, சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். மூன்றாவது, ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு, சோடியம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். பி12 மாத்திரையோ ஊசியோ போடும் முன்னாலேயே ரத்தம் கொடுங்கள். போட்ட பிறகு பார்த்தால் எண் ஏறியிருக்கும், உண்மை தெரியாது. நான்காவது, மனச்சோர்வும் இதேபோல் தலையை மந்தமாக்கும். அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

திடீரென்று, சில மணி நேரத்துக்குள் குழப்பம் வந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் கை கால் தளர்ந்தால் அது வேறு. நோட்டு எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

என் கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் ஊசி, பிறகு மாத்திரை. இப்போதும் பி12 மாத்திரை தொடர்கிறது, வருடம் ஒருமுறை பார்க்கிறோம். மூன்று மாதத்தில் தலையிலிருந்து பஞ்சை எடுத்தது போல இருந்தது. இந்தச் சங்கத்தின் வருடக் கணக்கை நான்தான் சரிபார்த்தேன், கால்குலேட்டர் இல்லாமல். ஆனால் கால் மரப்பு முழுதாகப் போகவில்லை. இடது பாதத்தில் இன்னும் பாதி உணர்வுதான். அதற்குச் சர்க்கரையும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் சும்மா விட்ட அந்த எட்டு மாதமும் ஒரு காரணமாக இருக்கலாம். எது எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நரம்பு விஷயத்தில் போன நாள் திரும்பி வருவதில்லை.

அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். உங்களில் யாருக்காவது மீன் கடையில் மீதிச் சில்லறை குழம்பினால், பயந்துபோய் மறைக்காதீர்கள். அடுத்த வாரமே போய்க் கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில் சில நூறு ரூபாய் ரத்தப் பரிசோதனையில் இருந்தது. உங்களுக்கும் அப்படி இருக்கலாம்.