மாத்திரை கையில் போனால் போதுமா?

(தாம்பரம் பகுதிப் பள்ளி ஆசிரியர்களுக்கான குறுவளமையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கடந்த ஆண்டு என் ஒன்பதாம் வகுப்பில் நன்றாக ஓடும் மாணவி ஒருத்தி இருந்தாள். குறுவட்டப் போட்டிக்காக மாலையில் 800 மீட்டர் பயிற்சி. ஒரு நாள் பாதி ஓட்டத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனோம். ஹீமோகுளோபின் 8.6. அந்த வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாது.

"ஸ்கூல்ல தர்ற இரும்பு மாத்திரை போடுறியாம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

"வாராவாரம் போடுறேன் மேடம்."

"எது கூட?"

"டீ கூட."

பள்ளியில் போட்டால் குமட்டுகிறது, வீட்டில் போட்டுக்கொள்கிறேன் மிஸ் என்று அவள் முன்பே கேட்டிருந்தாள். நானும் கையில் கொடுத்தனுப்பிவிட்டுப் பதிவேட்டில் டிக் போட்டுவந்தேன். அவளோ பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனதும் டீயோடு விழுங்கியிருக்கிறாள். அவள் இரத்தசோகைக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். காலையில் டீயும் பன்னும்தான் உணவு, குடற்புழுவும் இருந்தது. ஆனால் என் கையில் இருந்த ஒரு வழியை நான் வீணாக்கினேன்.

டீயில் அப்படி என்ன இருக்கிறது? டானின் என்னும் துவர்ப்புப் பொருள். அது இரும்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். கரையாததைக் குடல் உறிஞ்சாது, அது மலத்தோடு வெளியேறிவிடும். 1975இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்றில், அரிசிச் சோற்று உணவிலிருந்து மட்டுமல்லாமல், மாத்திரையில் உள்ளது போன்ற இரும்பு உப்புக் கரைசலிலிருந்தும் இரும்பு சேர்வதை டீ தடுத்தது. காபியும் தடுக்கும். 1983இல் வந்த மற்றொரு ஆய்வில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி தடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, உணவோடு குடித்த அளவுக்கே தடுத்தது. ஆகவே மாத்திரைக்குப் பின் இரண்டு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம்.

இதை வகுப்பில் செய்தே காட்டலாம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கிடைக்கும். அது இரும்பு சல்பேட்தான். ஒரு சிட்டிகையை நீரில் கரைத்து, பால் சேர்க்காத டீ டிகாக்‌ஷனை ஊற்றுங்கள். மை போலக் கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அக்காலத்தில் மை செய்ததும் இதே வினையால்தான். எலுமிச்சை பிழிந்தால் கறுப்பு வெளிறும். (யாரும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) அதற்காக எலுமிச்சை டீயோடு மாத்திரை போடலாம் என்று பொருளில்லை. முன்சொன்ன 1975 ஆய்வில் வைட்டமின் சி சேர்த்தபோதும் டீ தடுக்கவே செய்தது.

வைட்டமின் சி உணவில் உள்ள இரும்புக்குத்தான் பெரிய துணை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றின் இரும்பு எளிதில் சேராது. கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ இருந்தால் கூடுதலாகச் சேரும். பாலில் உள்ள கால்சியமும் இரும்பைக் குறைக்கும், பாலோடும் மாத்திரை வேண்டாம்.

இங்கே மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் ஜிம்முக்குப் போகும் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் புரோட்டீன் பவுடரைப் பாலில் கலப்பதா தண்ணீரில் கலப்பதா என்று கேட்கிறார்கள். எதில் கலந்தாலும் புரதம் செரிக்கும். ஆனால் முட்டையும் சுண்டலும் பயறும் தருவதும் அதே புரதம்தான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். காஃபின் சேர்த்த பவுடர்கள் வளரும் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். பவுடருக்குக் கேட்கும் அந்தக் கேள்வியை, 'எதோடு சாப்பிடுவது?' என்பதை, இலவச மாத்திரைக்கும் கேட்கப் பழக்குவோம்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. நம் வகுப்பறைகள் இதற்கு விலக்கல்ல. 10 முதல் 19 வயதினருக்கான நீல மாத்திரையில், 2018இல் தொடங்கிய 'இரத்தசோகை இல்லா பாரதம்' திட்டத்தின்படி, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அது உடலில் சேர நாம் செய்யக்கூடியவை சில:

1. மதிய உணவுக்குப் பின், நம் கண்முன் தண்ணீரோடு விழுங்கச் செய்வோம். வெறும் வயிற்றில் இரும்பு நன்கு சேரும் என்றாலும் குமட்டும். குமட்டினால் பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள்.

2. மலம் கறுப்பாகப் போகலாம், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்வோம்.

3. தொடர்ந்து குமட்டும் பிள்ளையிடம் மாத்திரையைக் கொடுத்தனுப்பாமல், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுவோம்.

4. குடற்புழு நீக்க நாளில் வராதவர்களுக்கு அடுத்த சுற்றில் தவறாமல் அல்பெண்டசோல் கொடுப்போம்.

5. மாத்திரை தரும் நாளில் பிள்ளைகள் பார்க்க நாமும் உணவு முடிந்த கையோடு டீ குடிக்காதிருப்போம். எனக்கு இதுதான் கடினமாக இருந்தது.

அந்த மாணவிக்கு மருத்துவர் தினசரி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை இரவு உணவுக்குப் பின் தண்ணீரோடு போட்டாள். நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.4 ஆனது. இன்னும் 12ஐத் தொடவில்லை. இந்த ஆண்டுப் போட்டியில் ஐந்தாவதாக வந்தாள், ஆனால் உட்காரவில்லை.

பதிவேட்டில் இப்போதும் டிக் போடுகிறேன். பிள்ளை விழுங்கிய பிறகு போடுகிறேன்.