சிக்னல் கிடைக்காத ஊர்



செல்போன் டவர் சிக்னலை அளப்பது என் பிழைப்பு. அதனால் ஒரு சிக்னல் கதையோடுதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1961 ஆகஸ்ட் 13-ல் பெர்லின் நடுவே எல்லையை அடைத்தார்கள். திறந்தது 1989 நவம்பர் 9-ல். இடையில் கிழக்கு ஜெர்மனியில் பிறந்த பிள்ளைகளுக்கு சுதந்திரத்தின் அருமை எப்படித் தெரியும், அனுபவித்தால்தானே தெரியும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஒரு ஜன்னல் இருந்தது: மேற்கு ஜெர்மன் டெலிவிஷன். நாட்டின் பெரும்பகுதியில் ஆன்டெனாவைத் திருப்பி வைத்தால் படம் வரும். டிரெஸ்டன் வட்டாரத்தில் வராது. எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு, டிரான்ஸ்மிட்டருக்கும் தூரம். 'ஒன்றும் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு' என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்களாம்.

இந்த இரண்டு பகுதிகளில் எங்கே மனக்குறை அதிகம் இருந்திருக்கும்? படம் பார்த்தவர்களிடம்தான் என்று நானும் பந்தயம் கட்டியிருப்பேன். ஹோல்கர் கெர்ன், யென்ஸ் ஹைன்ம்யூலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் காலத்து சர்வேக்களை அலசி 2009-ல் எழுதினார்கள். முடிவு தலைகீழ்! சாயங்காலம் மேற்கத்திய சீரியல் பார்த்தவர்கள் ஆட்சியோடு கொஞ்சம் சமாதானமாகவே இருந்திருக்கிறார்கள். நாட்டை விட்டுப் போக அனுமதி கேட்டு மனுப்போட்டது டிரெஸ்டன் பக்கம்தான் அதிகம். 1989 அக்டோபர் 4 இரவு, பிராகிலிருந்து அகதிகளை ஏற்றிய ரயில்கள் அந்த ஊர் வழியாகப் போனபோது, ஆயிரக்கணக்கானோர் ஸ்டேஷனில் போலீஸோடு மோதினார்கள்.

படம் பார்த்தவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. லைப்சிக்கில் சிக்னல் உண்டு. அக்டோபர் 9-ல் சுமார் 70,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் பார்க்காதவனுக்கு ஆசையே வராது என்ற கணக்கு மட்டும் தப்பு.

அந்தத் தப்பை இதே வளாகத்தில் நானும் செய்திருக்கிறேன். அப்போது லைப்ரரி ஒன்பது மணி வரை. மாணவியர் விடுதி கேட் ஆறரைக்கே பூட்டு. நேரத்தை மாற்றலாமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. மாணவர் பிரதிநிதி என்ற ஹோதாவில் எழுந்து, "அவங்க யாரும் கேக்கலையே சார், பழகிடுச்சு" என்றேன். விஷயம் அத்தோடு முடிந்தது.

பிறகு என் பேட்ச் தோழி ஒருத்தி (முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்) பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, எங்கள அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாதானே கேக்கறதுக்கு? லைப்ரரி லைட்டு எங்க ரூம் ஜன்னல்லேர்ந்து தெரியும். ராத்திரி அங்க ஒரு நாள்கூட உக்காந்ததில்ல. ஆனா எந்த மேஜைல உக்காருவேன்னு நான் முடிவே பண்ணி வச்சிருந்தேன்."

எனக்குப் பதில் வரவில்லை.

இன்றைக்கு கேட் நேரம் ஏழரை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கிறது! ஒன்பதரை ஆக்கச் சொல்லித் தங்கைகள் மனு கொடுத்திருக்கிறார்கள். நம் சங்கத்தின் ஆதரவுக் கடிதம் வரவேற்பு மேஜையில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேனாவையும் அங்கேயே வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகிற வழிதான்.