இசை தரும் துணை

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான நலவாழ்வுக் கூட்டம் ஒன்றில் தகவல் துறை அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இசை மருத்துவம் என்பதாகும். இப்பெயரைக் கேட்டதும், "பாட்டுப் பாடினால் நோய் போய்விடுமா?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். போகாது. இதனை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். நீரிழிவையோ, இரத்தக் கொதிப்பையோ, புற்றுநோயையோ எந்தப் பாட்டும் எந்த இராகமும் போக்கிவிடாது. ஆயினும், பேச்சிழந்தவர் மீண்டும் பேசப் பழகுவதற்கும், நடை தளர்ந்தவர் சீராக அடியெடுத்து வைப்பதற்கும், வாய் திறவாத பிள்ளை பிறரோடு உறவாடுவதற்கும், நினைவு மங்கிய முதியவரின் மனம் தேறுவதற்கும் இசை துணை செய்யக்கூடும். அத்துணையை, முறையாகப் பயின்ற ஒருவர் திட்டமிட்டு அளிக்கும் பணிக்கே இசை மருத்துவம் என்று பெயர். இப்பணி இன்று பல நாடுகளில் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் நடைபெற்று வருகின்றது.

இத்துறை தோன்றிய வரலாறு

இசை மனத்தை ஆற்றும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தாலாட்டும் ஒப்பாரியும் அந்த அறிவின் விளைவுகளே. எனினும், மருத்துவமனையில் ஒரு தொழிலாக இசை இடம் பெற்றது கடந்த நூற்றாண்டில்தான். இரண்டாம் உலகப் போரில் காயமுற்றும் மனம் கலங்கியும் திரும்பிய போர்வீரர்களுக்காக அமெரிக்க மருத்துவமனைகளில் இசைக் கலைஞர்கள் வந்து பாடினர், வாசித்தனர். நோயாளிகளிடம் காணப்பட்ட மாற்றத்தை மருத்துவர்கள் கண்டனர். ஆனால், நல்ல பாடகர் என்பதனாலேயே ஒருவர் நோயாளியைக் கையாள வல்லவராகிவிட முடியாது; அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதும் தெளிவாயிற்று. எனவே, 1944இல் மிச்சிகனில் உள்ள ஒரு கல்லூரியில் இதற்கெனப் பட்டப்படிப்புத் தொடங்கப்பட்டது. 1950இல் அந்நாட்டில் தேசியச் சங்கம் ஒன்று உருவாயிற்று. பிரிட்டனில் 1958இல் ஜூலியட் ஆல்வின் என்னும் அம்மையார் இத்துறைக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். இன்று பிரிட்டனில் சட்டப்படி பதிவு பெறாத எவரும் தம்மை இசைச் சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்ள இயலாது. நம் அண்டை நாடான சிங்கப்பூரில் இத்தொழிலைச் சேர்ந்தவர்களின் சங்கம் 2007இல் அமைக்கப்பட்டது.

பள்ளியில்

முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இப்பகுதியில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

சில பிள்ளைகள் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேச்சு வருவதில்லை, பிற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவதில்லை. "ஊமைப் பிள்ளை" என்றும், "கிரகக் கோளாறு" என்றும் சொல்லி நாம் ஒதுக்கிவிடுகிறோம். அப்பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கலாம். காது கேளாமை இருக்கலாம். கற்றல் குறைபாடு இருக்கலாம். இவை வெவ்வேறானவை, மருத்துவர் பார்த்தே வேறுபாட்டைச் சொல்ல முடியும்.

1959இல், பால் நார்டாஃப் என்ற அமெரிக்க இசையமைப்பாளரும், கிளைவ் ராபின்ஸ் என்ற ஆங்கிலேய ஆசிரியரும் இத்தகைய பிள்ளைகளோடு இணைந்து பணியாற்றத் தொடங்கினர். அவர்கள் கையாண்ட முறை எளிமையானது. பிள்ளை மேளத்தை எப்படித் தட்டினாலும், அந்தத் தட்டலுக்கு ஏற்பப் பியானோவில் இசை எழுப்புவர். பிள்ளை வேகமாகத் தட்டினால் இசையும் விரையும். பிள்ளை நிறுத்தினால் இசையும் நிற்கும். அழுதால், அந்த அழுகுரலின் சுருதியிலேயே ஒரு பாட்டுப் பிறக்கும். "நான் செய்வதை மற்றொருவர் கவனிக்கிறார், எனக்கு விடை தருகிறார்" என்ற உணர்வு சிறிது சிறிதாகப் பிள்ளைக்கு உண்டாகும். உரையாடலின் முதற்படி அதுவே. முறை வைத்துப் பேசுவதற்கு முன், முறை வைத்து மேளம் தட்டக் கற்றுக்கொள்கிறது பிள்ளை.

இதன் பயன் எவ்வளவு? மிகைப்படுத்திக் கூறுதல் தகாது. ஒன்பது நாடுகளில் 364 ஆட்டிசப் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2017இல் வெளிவந்தது. ஐந்து மாத இசைச் சிகிச்சை அக்குறைபாட்டின் கடுமையைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்பதே அம்முடிவு. பல ஆய்வுகளை ஒருங்கு சேர்த்துப் பார்த்து 2022இல் வெளியான அறிக்கையோ, பொதுவான முன்னேற்றத்திற்கும் வாழ்க்கைத் தரத்திற்கும் இது உதவக்கூடும் என்கிறது. ஆகவே, இசை ஆட்டிசத்தைக் "குணமாக்கும்" என்று எவரேனும் சொல்வாராயின் நம்பாதீர்கள். பிள்ளைக்கு இன்பமும் பழக்கமும் உறவும் தரும் வழிகளுள் அதுவும் ஒன்று என்று கொள்ளுங்கள்.

மற்றொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். இத்தகைய பிள்ளைகளுள் சிலரால் பேரொலியைத் தாங்க இயலாது. திருவிழாவில் உறுமி மேளத்தின் அருகே அப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், அது பிடிவாதமன்று, துன்பம். அடிக்காதீர்கள். தள்ளி அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவமனையில்

நம் குடும்பங்களைப் பெரிதும் வாட்டும் நோய்களுள் ஒன்று பக்கவாதம். நேற்று வரை நிரையில் நின்று பால் வெட்டியவர், இன்று வலக்கையும் வலக்காலும் விழுந்து, வாய் குழறிப் படுக்கையில் கிடப்பார். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, தைலம் தேய்த்துக் காத்திராமல் 999ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அந்த நேரத்தில் வேண்டுவது பாட்டன்று, விரைவு.

உயிர் பிழைத்த பின்னரே இசையின் பணி தொடங்குகிறது. மூளையின் இடப்பக்கம் பழுதுற்றால் பலருக்குப் பேச்சு நின்றுவிடும். சொல்ல வேண்டியது நெஞ்சில் இருக்கும், சொல் வராது. ஆனால், அப்படிப் பேச்சிழந்தவருள் சிலர் பழகிய பாட்டைச் சொற்களோடு பாடுவதுண்டு. 18ஆம் நூற்றாண்டிலேயே சுவீடன் நாட்டில் இத்தகைய ஒருவரைப் பற்றிய குறிப்பு எழுதப்பட்டுள்ளது. பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்தது. பாட்டோ இருபக்கத்தையும் துணைக்கு அழைக்கிறது. ஆதலின் ஒரு வழி அடைபட்டாலும் மறுவழி சிலருக்குத் திறந்திருக்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து.

இதனை அடிப்படையாகக் கொண்டு 1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஒரு பயிற்சியை வகுத்தனர். "தண்ணீர் வேண்டும்" என்பது போன்ற ஒரு சிறு தொடரை எடுத்துக்கொள்வர். அதனை உயர்ந்த சுரம், தாழ்ந்த சுரம் என்னும் இரண்டே சுரங்களில் மெதுவாக இசைப்பர். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டுவிப்பர். முதலில் சிகிச்சையாளர் முணுமுணுப்பார்; பின்னர் இருவரும் சேர்ந்து பாடுவர்; பின்னர்ச் சிகிச்சையாளர் இடையிலே குரலை நிறுத்திக்கொள்வார்; நோயாளி தனியே முடிப்பார். நாளடைவில் பாட்டின் இழுவை குறைந்து, அத்தொடர் பேச்சாக மாறும். எல்லாருக்கும் இது பயன்படும் என்று கூறுவதற்கில்லை. 2011 சனவரியில் தலையில் குண்டடிபட்டுப் பேச்சிழந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் மீண்டும் பேசப் பழகியதில் இசைச் சிகிச்சைக்கும் பங்கு இருந்தது. பல மாதம் பொறுமையோடு செய்த பயிற்சி அது.

நடைக்கும் தாளம் உதவுகிறது. பார்க்கின்சன் நோயுற்றவர் அடிகளைக் குறுக்கிக் குறுக்கி வைப்பர். சில வேளைகளில் நின்ற இடத்திலேயே உறைந்துவிடுவர். மைக்கேல் தௌட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் தாளத்தோடு நடை பழகிய இத்தகைய நோயாளிகளின் வேகமும் அடியின் நீளமும் கூடியிருந்தன. தாளத்தை முதலில் நோயாளியின் நடைக்கு ஏற்ப வைத்துப் பின்னர்ச் சிறிது சிறிதாக விரைவுபடுத்துவதே முறை. தவில் ஓசை கேட்டதும் நம் கால் தானே அசைகிறதல்லவா? அந்த இயல்பே இங்கு மருந்தாகிறது.

தாய்மார்களுக்கு ஒரு நற்செய்தி. நிறைமாதம் ஆகுமுன் பிறந்த 272 குழந்தைகளைப் பதினொரு அமெரிக்க மருத்துவமனைகளில் ஆராய்ந்து, 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பெற்றோர் தாமே தேர்ந்த பாட்டைத் தாலாட்டாக, மெல்லிய குரலில், சிகிச்சையாளரின் வழிகாட்டுதலோடு பாடியபோது, குழந்தைகளின் இதயத்துடிப்பு அமைதியுற்றது. பாலுண்ணுதலிலும் நன்மை காணப்பட்டது. பெற்றோரின் அச்சமும் குறைந்தது. பாட்டியிடமிருந்து நீங்கள் கேட்டறிந்த தாலாட்டைப் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள்.

முதியோர் இல்லத்தில்

இனி, முதியோர். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. பிள்ளைகள் பட்டணம் சென்றனர். தாயையும் தந்தையையும் வீட்டில் வைத்துப் பார்க்க இயலாமல் முதியோர் இல்லத்தில் விடும் நிலை நம்மவருக்கும் வந்துவிட்டது. அங்கே பணிபுரிவோர் அன்புடையவராக இருக்கலாம். ஆனால், அவர்களுள் தமிழ் அறிந்தவர் எத்தனை பேர்? மறதி நோய் முற்றிய மூதாட்டி ஒருவர், பின்னாளில் கற்ற மலாய்ச் சொற்களை மறந்து, பிறந்த மொழியை மட்டும் பற்றிக்கொண்டிருப்பார். அவர் கேட்பது எவருக்கும் விளங்காது. கூச்சலிடுகிறார் என்பார்கள்.

பெயர்களும் முகங்களும் மறைந்த பின்னரும், இளமையில் கேட்ட பாட்டுப் பலருக்கு நெஞ்சில் நிற்கிறது. இன்று எண்பது வயதை எட்டியவர் 1960களில் இளைஞராக இருந்தவர். சௌந்தரராசனும் சுசீலாவும் பாடிய பாடல்களை வானொலியில் கேட்டு வளர்ந்தவர். அப்பாடல் ஒலித்ததும் வாய் அசைகிறது, விரல் தாளமிடுகிறது, கண் எதிரே இருப்பவரை நோக்குகிறது. மறதி நோயாளிகளுக்கான இசைச் சிகிச்சையைப் பற்றி 22 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான அறிக்கை, மனச்சோர்வு குறைய இது உதவக்கூடும் என்று கூறுகிறது. ஆனால், கோபத்தையும் பரபரப்பையும் தணிப்பதில் இதனால் பெரும் பயன் காணப்படவில்லை. நினைவு திரும்பி வரும் என்றும் அது சொல்லவில்லை. இழந்த நினைவை மீட்க முடியாவிடினும், இருக்கும் நாளில் சிறிது மகிழ்ச்சியைத் தர முடியும். அஃதொன்றும் சிறிய செய்தியன்று.

நாம் செய்யத்தக்கவை

அன்பர்களே! நம் நாட்டில் பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் மிகச் சிலரே. அவர்களும் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே இருக்கின்றனர். எனவே, கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குவோம்.

முதலாவது, பிள்ளையின் பேச்சிலோ செவியிலோ ஐயம் தோன்றினால், பள்ளி வயது வரட்டும் என்று காத்திராமல் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருத்துவர் உறுதி செய்தால், சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அந்த இலாகாவின் துணையோடு சமூக மறுவாழ்வு நிலையங்கள் நாடெங்கும் இயங்குகின்றன. இத்திட்டம் 1984இல் திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் தொடங்கியது. அரசாங்கப் பள்ளிகள் பலவற்றில் சிறப்புக் கல்வி வகுப்புகளும் உள்ளன. அங்கே ஆசிரியரிடம், "என் பிள்ளைக்கு மேளம் பிடிக்கும், பாட்டுப் பிடிக்கும்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு குறிப்பு ஆசிரியருக்குப் பெரிய உதவி.

இரண்டாவது, ஏமாறாதீர்கள். இன்ன இராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று சொல்லி ஒலித்தட்டும் கருவியும் விற்போர் உண்டு. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் எவராயினும் அவரை நம்பாதீர்கள். இசைச் சிகிச்சையாளர் என்று சொல்பவரிடம், எங்கே பயின்றீர்கள், எத்தனை ஆண்டு பயின்றீர்கள், மருத்துவரோடு கலந்து பணி செய்வீர்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உண்மையானவர் அக்கேள்விக்குச் சினம் கொள்ளமாட்டார்.

மூன்றாவது, ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இன்றே உட்கார்ந்து, அவருக்குப் பிடித்த பத்துப் பாடல்களைக் கேட்டு எழுதுங்கள். திரைப்பாடலா, தேவாரமா, திருப்புகழா, கும்மியா, நடவுப் பாட்டா, எதுவாயினும் எழுதுங்கள். எந்தப் பாடல் அவரை அழவைக்கும் என்பதையும் குறித்து வையுங்கள். இறந்த மகனை நினைவூட்டும் பாட்டை அறியாமல் ஒலிக்கவிட்டால் துன்பமே விளையும். அவர் பாடுவதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். நாளை அவர் மருத்துவமனையிலோ இல்லத்திலோ இருக்க நேர்ந்தால், மாற்றுடையோடும் மருந்துச் சீட்டோடும் அந்தப் பட்டியலையும் சேர்த்துத் தாதியிடம் கொடுங்கள். மொழி அறியாத தாதியும் அந்தப் பாட்டை ஒலிக்கச் செய்ய முடியும். ஒலி அளவாக இருக்கட்டும்; அவர் முகம் சுளித்தால் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் எழுதப் படிக்க அறியாதவராக இருக்கலாம். சேமிப்பு ஏதும் இல்லாதவராக இருக்கலாம். அவர் கேட்டு வளர்ந்த பாட்டோ அவருடைய சொத்து. அதனைக் கேட்டு எழுதிக்கொள்ள அவர் நினைவு தெளிவாக இருக்கும் காலமே ஏற்ற காலம். அக்காலம் கடந்தபின் கேட்டால் விடை வராது. ஆகவே, இக்கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும் அந்த நோட்டுப் புத்தகத்தைத் தேடுங்கள்.