தள்ளுபடி வரும்னு தவணையை நிறுத்திடாதீங்க

(புதுக்கோட்டையில் பி.எட். முடித்த தோழர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



1991-ல் அறிவொளி இயக்கம் வந்தப்போ, சம்பளம் எதிர்பார்க்காம ஊர் ஊரா உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்த மாவட்டம் நம்ம புதுக்கோட்டை. அன்னைக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்ட பெண்களோட பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்னைக்கு ஆசிரியர் பட்டத்தோடயும் பேங்க் கடனோடயும் நிக்கிறாங்க.

2022-ல் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வழியா தற்காலிகமா ஆள் எடுத்தாங்க. பட்டதாரி ஆசிரியருக்கு மாசம் 10,000 ரூபாய். 3 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 7 வருஷம்னு வைங்க. தவணை 5,000 ரூபாய்கிட்ட வரும். பாதிச் சம்பளம் அங்கேயே போச்சு. 2013-ல் டெட் தேறியவங்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுதணும்னு 2018-ல் அரசாணை 149 போட்டாங்க. வேலை தள்ளிப் போகுது, வட்டி தள்ளிப் போகுதா?

அமெரிக்காவைப் பாருங்க. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கிற பள்ளியில் தொடர்ந்து 5 வருஷம் வேலை பார்த்த ஆசிரியருக்கு, நடத்தும் பாடத்தைப் பொறுத்து 17,500 டாலர் வரை அரசுக் கல்விக் கடன் தள்ளுபடி. முதலாளித்துவ நாடுதான் அது! நம்ம நாட்டில் ஆசிரியருக்குன்னு அப்படி ஒரு திட்டம் கிடையாது. கறம்பக்குடியிலும் ஆவுடையார்கோவிலிலும் கிராமப் பள்ளியில் 5 வருஷம் பாடம் நடத்துறவங்க கடனை அரசே ஏற்கணும். இது நம்ம கோரிக்கை.

ஆனா கசப்பான ஒண்ணையும் சொல்லணும். 2021 தேர்தலில் தி.மு.க. அறிக்கையில் கல்விக் கடன் தள்ளுபடி வாக்குறுதி இருந்தது. எந்தக் கட்சி சொன்னாலும், நாங்களே சொன்னாலும், அரசாணை வந்து பேங்குக்குப் பணம் போய்ச் சேர்ற வரைக்கும் தவணையை நிறுத்தாதீங்க. சிபில் கெடுறது உங்க பேரில் மட்டுமில்ல, கூடக் கையெழுத்துப் போட்ட அப்பா அம்மா பேரிலும்தான்.

கட்டவே முடியலைன்னா சும்மா இருக்காம எழுத்துல கேளுங்க. வேலை இல்லாத காலத்துக்கும், தகுதிக்குக் குறைஞ்ச சம்பளத்தில் இருக்கிற காலத்துக்கும் தவணையை நிறுத்தி வைக்க இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் இடமிருக்கு. மேனேஜர் தானா சொல்ல மாட்டார். சம்பளச் சீட்டை இணைச்சு மனுக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்க. அதே திட்டத்தில் 15 வருஷம் வரை காலத்தை நீட்டிக்கவும் கேட்கலாம். மேலே சொன்ன கடனுக்குத் தவணை 3,200 சொச்சமா குறையும். ஆனா மொத்த வட்டி ஒன்றரை லட்சத்துக்கு மேல கூடும், அதையும் யோசிச்சு முடிவெடுங்க.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, தகுதியுள்ள படிப்புக்கு, படிக்கும் காலமும் அதுக்குப் பிறகு ஒரு வருஷமும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கு. உங்க கணக்கில் அந்த மானியம் வரவாச்சான்னு ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்க. 2018-க்குப் பிறகு கடன் வாங்கினவங்க, கல்லூரிக்கு நாக் அங்கீகாரம் இருந்ததான்னும் பாருங்க.

மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். வட்டி குறைய வாய்ப்பிருக்கு. ஆனா சிபிலில் 'செட்டில்டு'ன்னு விழுந்தா அடுத்த கடனுக்கு இடிக்கும். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னாலயும் இரவு 7 மணிக்குப் பின்னாலயும் போன் பண்ணக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. மிரட்டினா பேங்குக்குப் புகார் எழுதுங்க. 30 நாளில் பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

மனு எழுதத் தயக்கமா இருந்தா கடன் பத்திரம், ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு மூணையும் எடுத்துக்கிட்டு உங்க ஒன்றியத் தோழர்களைப் பாருங்க. உட்கார்ந்து எழுதித் தருவாங்க.

#கல்விக்கடன் #புதுக்கோட்டை